உஷார்! வால் பக்கத் தராசு பொய் சொல்லும்

பெரிய மாடல் விமானம் கட்டி முடித்து, முதல் பறப்புக்கு நாள் குறித்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பாத்ரூம் வெயிங் மெஷின் மூன்றைப் பட்டறைத் தரையில் போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நிறுத்தி, "சி.ஜி. பார்த்தாச்சு" என்று சொல்கிறவர் நீங்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

கணக்கில் தப்பில்லை. வால் சக்கரத்தின் எடையை இரு அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால், முன்சக்கர அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் ஈர்ப்பு மையம் (அதுதான் சி.ஜி.) என்று வந்துவிடும். தப்பு மெஷினில். மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டிய பைப்பர் கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 12 கிலோ, அச்சு தூரம் 160 செ.மீ., இறக்கை அகலம் சுமார் 53 செ.மீ. மையம் அச்சுக்கு 12 செ.மீ. பின்னால் இருந்தால் வாலில் இறங்குவது வெறும் 900 கிராம். ஆளை நிறுக்கச் செய்த மெஷினுக்கு 900 கிராம் ஒரு பொருட்டா? அது 700 என்று காட்டினால், கணக்கு 9.5 செ.மீ. என்று வரும். "மூக்கு கனம்" என்று நம்பி வாலில் ஈயம் சேர்ப்பீர்கள். சரியாக இருந்த விமானத்தை உங்கள் கையாலேயே வால் கனமாக்கி அனுப்புகிறீர்கள்! மூக்கு கனத்தோடு எப்படியாவது இறக்கிவிடலாம். வால் கனம் மிஞ்சினால் எலிவேட்டரைத் தொட்ட மாத்திரத்தில் மூக்கு வானத்தைப் பார்க்கும், பிறகு 12 கிலோ எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

வாலுக்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசை வையுங்கள். அதையும் முத்திரை போட்ட எடைக்கல் வைத்துச் சோதித்த பிறகே நம்புங்கள். இன்னொரு சூழ்ச்சி: சில டிஜிட்டல் பாத்ரூம் மெஷின்கள் முந்தைய எடையை நினைவில் வைத்து, புது எடை அதற்குக் கிட்டத்தட்ட வந்தால் பழையதையே திரும்பக் காட்டும். "மூணு தடவையும் ஒரே ரீடிங்" என்று மகிழாதீர்கள். நடுவில் வேறொரு கனத்தை ஏற்றி இறக்குங்கள்.

வாலை ஸ்டூலில் தூக்கி, ரச மட்டம் வைத்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவராமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. விழாமலிருக்க ஒருவர் வாலை லேசாகப் பிடித்திருப்பார் பாருங்கள், அந்த 'லேசா'வே நூறு கிராமைத் தின்றுவிடும். சக்கரத்துக்கு முட்டு கொடுத்தால் அதே தராசின் மேல் கொடுங்கள், தரையிலிருந்து அல்ல.

கோர்சேர் மாதிரி சக்கரம் பின்னோக்கி மடங்கும் விமானமா? தராசில் நின்றபோது இருந்த மையம் வானத்தில் பின்னால் நகரும். டேங்க் மூக்குப் பக்கம் என்றால் காலி டேங்கோடு நிறுங்கள், எரிபொருள் தீரத் தீரப் பின்பக்கம்தான் கனக்கும்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 பயணிகள் விமானம் விழுந்து அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிளைத் தவறாகச் சரிசெய்திருந்தார்கள், பின்பக்கக் கனமும் எல்லை தாண்டியிருந்தது. பயணிகளின் எடைக்குப் போட்டது சராசரிக் கணக்கு. நிஜ விமானத்திலேயே இந்தக் கதி.

மரக்கட்டையில் இரண்டு முளை அடித்து இறக்கையை அதன்மேல் தூக்கி வைக்கும் பழைய வழி சின்ன மாடல்களுக்குச் சரி. இந்தக் கனத்தில் முளை இறக்கைத் தோலைக் குத்திக் கிழிக்கும், கால் இடறினால் மொத்தமும் தரையில். எலெக்ட்ரிக் மோட்டார் என்றால் நிறுக்கும்போது பேட்டரி உள்ளே இருக்க வேண்டும், ஆனால் இணைப்பு கழன்றிருக்க வேண்டும். ப்ரொபெல்லர் முன்னால் குனிந்து ரீடிங் பார்ப்பது நீங்கள்தானே!

கடைசியாக, சேர்த்த ஈயத்தை டேப் சுற்றி விடாதீர்கள். போல்ட் போட்டு இறுக்குங்கள், பிறகு மறுபடி நிறுங்கள்.