கணிப்பொறியும் அதனை ஆள்வோரும்: கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் கருத்துக்கள்

கணிப்பொறியைக் கையாளுவது ஒரு சில நிபுணர்களுக்கே உரிய கலை என்னும் எண்ணம் ஒரு காலத்தில் உலகெங்கும் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தை எதிர்த்து, வேலையை அறிந்தவர் தமக்குப் பழக்கமான சொற்களிலேயே யந்திரத்திற்குக் கட்டளையிட வேண்டும் என்று வாதாடியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். கணித அறிஞரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியுமான அவர், கணிப்பொறி, உத்தியோகம், கருவிகள் ஆகியவை பற்றிக் கூறிய கருத்துக்கள் களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்படத்தக்கவை. 1982-ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய நீண்ட விரிவுரையொன்றின் படப்பதிவை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது. எனவே அவற்றை அவர் குரலிலேயே கேட்கும் வாய்ப்பும் இன்று கிட்டியுள்ளது.

ஆசிரியை கணிப்பொறியிடம் வந்த விதம்

அம்மையார் 1906-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது, அலாரக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று காண்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைப் பிரித்துப் போட்டார். அவருடைய தாயார், இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரையறுத்தாரேயன்றி அவ்வார்வத்தைத் தடுக்கவில்லை. 1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்னும் தடைகளைக் கடந்து, 1943-இன் இறுதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மறு ஆண்டு அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க்-1 என்னும் கணிப்பொறியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். அந்த யந்திரத்தின் நீளம் 51 அடி. எடை ஏறத்தாழ 5 டன். ஒரு வினாடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ 6 வினாடிகளும், ஒரு வகுத்தலுக்கு 15 வினாடிகளுக்கு மேலும் ஆகும். துளையிட்ட காகித நாடாவின் வாயிலாகவே அதற்குக் கட்டளைகள் ஊட்டப்பட்டன.

பிழையிலிருந்து பிறந்த தொகுப்பி

அந்நாளில் ஒரு கணக்கிற்கு எழுதிய கட்டளைத் தொடரின் பகுதிகளை மற்றொரு கணக்கிற்கும் பயன்படுத்த வேண்டுமாயின், நோட்டுப் புத்தகத்திலிருந்து கையால் படியெடுக்க வேண்டும். நினைவக முகவரி எண்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டி மாற்ற வேண்டும். இவ்விரண்டு வேலைகளிலும் மனிதர் ஓயாது பிழை செய்வதை அம்மையார் கண்டார். படியெடுத்தலும் கூட்டலும் யந்திரம் செவ்வனே செய்யக்கூடிய வேலைகளாயிற்றே, அவற்றை அதனிடமே ஏன் ஒப்படைக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தின் யூனிவாக் கணிப்பொறிக்காக 1952-இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்னும் அமைப்பு இவ்வெண்ணத்தின் பயனாகும். கட்டளைப் பகுதிகளுக்குக் குறியீடு தந்து யந்திரத்தின் சேமிப்பில் வைத்துவிட்டால், அக்குறியீடுகளைக் கொண்டு அதுவே பகுதிகளைத் தேடியெடுத்துத் தொகுத்துக்கொள்ளும். கம்பைலர் எனப்படும் தொகுப்பியின் தொடக்க வடிவங்களுள் இஃது ஒன்று.

கணிப்பொறி கணக்குப் போடுமேயன்றித் தனக்குரிய கட்டளைத் தொடரைத் தானே எழுதாது என்று பலர் கூறி, இதனை நம்ப மறுத்தனர் என்று அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

யந்திரத்திற்கு மொழி எது?

அடுத்து அவர் எடுத்துவைத்த அடி இன்னும் துணிவானது. வாணிகக் கணக்கு எழுதுவோரும் அலுவலகப் பணியாளரும் கணிதக் குறியீடுகளை விரும்புவதில்லை. அவர்களுக்குச் சொற்களே பழக்கம். ஆகவே கட்டளைகளை ஆங்கிலச் சொற்களிலேயே எழுதலாம் என்று அவர் முன்மொழிந்தார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

இம்மறுமொழியின் பிழையை விளக்க அவர் செய்த செயல் கருதத்தக்கது. ஒரே கட்டளைத் தொடரை ஆங்கிலச் சொற்களில் இயக்கிக் காட்டிய பின்னர், அச்சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சுச் சொற்களையும் ஜெர்மன் சொற்களையும் இட்டு இயக்கிக் காட்டினார். யந்திரத்தைப் பொறுத்தவரை எல்லாச் சொற்களும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குறிகளே. எந்தக் குறிக்கு எந்தச் செயல் என்று வரையறுத்துவிட்டால் போதும். ஆனால் அமெரிக்காவில் செய்யப்பட்ட கணிப்பொறி பிரெஞ்சும் ஜெர்மனும் அறிவதாவது என்று நிர்வாகத்தினர் திகைத்துப் போயினர். ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கும் என்று உறுதி கூறிய பிறகே அவர்கள் அமைதியுற்றதாக அம்மையார் நகைச்சுவையுடன் சொல்வதுண்டு.

இந்நிகழ்ச்சி நம் நாட்டவர்க்கு ஒரு செய்தியை உணர்த்துகிறது. கணிப்பொறியில் எந்த மொழி வழங்க வேண்டும் என்பதை யந்திரத்தின் இயல்பு தீர்மானிப்பதில்லை. அதனை அமைக்கும் மனிதரே தீர்மானிக்கின்றனர். இந்திய எழுத்துக்களுக்கான குறியீட்டுத் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-இல் ஏற்றது. அதே ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு முதற் பதிப்பிலும் தமிழ் இடம்பெற்றது. இவையும் மனிதர் எடுத்த முடிவுகளேயாகும்.

கோபாலும் அதன் குறைகளும்

சொற்களால் கட்டளையிடும் ஃப்ளோ-மேட்டிக் என்னும் மொழியை அம்மையாரின் குழுவினர் உருவாக்கினர். 1959-இல் அமெரிக்க அரசுத் துறைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் கூடி, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான வாணிக மொழியொன்றை அமைக்க முற்பட்டபோது, அதுவே முக்கிய அடிப்படையாயிற்று. இவ்வாறு பலர் கூடி அமைத்த மொழியே கோபால். 1960 டிசம்பரில் ஒரே கோபால் கட்டளைத் தொடர், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கணிப்பொறிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

இதனை எதிர்த்தோரும் உண்டு. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, கோபால் பயில்வது சிந்தனைக்கே ஊறு விளைவிக்கும் என்று 1975-இல் கடுமையாக எழுதினார். பேச்சு மொழியின் தெளிவின்மை கட்டளையிலும் புகுந்துவிடும் என்பதும் அவர் கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. அன்றாடப் பேச்சு நடையிலேயே யந்திரத்திடம் வினவி விடை பெறும் இந்நாளில், தான் வேண்டுவது யாதெனத் தெளிவாக அறியாதவர் எந்த மொழியில் கேட்டாலும் பயனில்லை என்பதைப் பலரும் கண்டிருப்பர். ஆயினும் அக்குறைக்கு மருந்து, பயன்படுத்துவோரைத் தெளிவாகச் சிந்திக்கப் பழக்குவதேயன்றி, அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதன்று.

கருவிகள் பற்றி

அம்மையார் கருவிகளை விரும்பினாரெனினும், அவற்றின் பளபளப்பில் மயங்கியவரல்லர். பெரிய கணிப்பொறி ஒன்றையே நாடுவதைக் காட்டிலும் சிறியன பலவற்றை இணைத்து வேலை வாங்குவதே சிறந்தது என்பது அவர் துணிபு. கனத்த மரத்தை ஓர் எருதால் இழுக்க இயலாவிடில், அதனினும் பெரிய எருதை வளர்க்க முற்படாமல் இரண்டு எருதுகளைப் பூட்டுவதே வழக்கம் என்று அவர் உவமை கூறுவார். செய்தியைச் செயற்படுத்தும் கருவிக்குத் தரும் கவனத்தை, அச்செய்தி எவ்வளவு முக்கியமானது, சரியானது என்பதற்குத் தருவாரில்லை என்பதும் அவருடைய குறை.

அவருடைய புகழ்பெற்ற கருவியோ ஒரு துண்டுக் கம்பி! நானோ வினாடி என்பது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அஃது எவ்வளவு என்று கண்ணால் காண விரும்பிய அவர், அந்நேரத்தில் மின்குறி செல்லக்கூடிய உச்ச தூரமாகிய 11.8 அங்குல நீளத்திற்குத் தொலைபேசிக் கம்பிகளை வெட்டுவித்து, விரிவுரை கேட்போர்க்கு வழங்கினார். மைக்ரோ வினாடிக்கு 984 அடி நீளமுள்ள கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். துணைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதமாகிறது என்று தளபதிகள் வினவினால், இங்கிருந்து அதுவரை எத்தனை துண்டுக் கம்பிகள் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார்.

உத்தியோகம் பற்றி

எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்னும் சொற்றொடரே ஓர் அலுவலகத்தில் மிகவும் ஆபத்தானது என்பது அவர் கருத்து. அதனை நினைவூட்டவே, முட்கள் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரமொன்றைத் தம் அறையில் மாட்டியிருந்தார். முதல் நாள் திகைப்பவர்கள் விரைவிலேயே அதில் மணி பார்க்கப் பழகிவிடுவர்! நல்ல செயலுக்கு முன் அனுமதி கேட்டுக் காத்திருப்பதைவிட, செய்துவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கேட்பது எளிது என்றும் அவர் சொல்வதுண்டு. கட்டுப்பாட்டைப் போற்றும் கடற்படையில் பல்லாண்டு பணிபுரிந்தவரின் சொல் இது. விதிகளை மீறுவதற்கு அனுமதிச் சீட்டாக இதனைக் கொள்ளலாகாது. தயக்கத்தால் நற்பணி நின்றுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

அவருடைய பணி வாழ்க்கையே இதற்குச் சான்று. 1966-இல் ஓய்வு பெற்ற அவரை, கோபால் மொழியைத் தரப்படுத்துவதற்காக மறு ஆண்டே ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைத்தனர். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. 1986-இல் ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. அதன் பின்னும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்து, 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். தாம் ஆக்கிய தொகுப்பியைக் காட்டிலும், தம்மிடம் பயின்ற இளைஞர்களையே தம் பெரும் சாதனையாக அவர் கருதினார்.

ஆசிரியர்கள் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை வெட்டி மாணவர் கையில் கொடுக்கலாம். 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோளுக்குக் குறி சென்று மீள எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடச் செய்யலாம். விடை, ஏறத்தாழக் கால் வினாடி. களப் பணியாளர்கள், தம் கையிலுள்ள பதிவேடு அல்லது கருவியின் எந்தச் சொல் மக்களுக்கு விளங்கவில்லை என்று குறித்து, அதனை அமைத்தோர்க்குத் தெரிவிக்கலாம். இவ்விரண்டுக்கும் தனிச் செலவு எதுவும் வேண்டியதில்லை.