ரிமோட் யார் கையில்?



ஒரே சம்பவத்தை டி.வி.யில் பார்த்துட்டு ஒருத்தர் கோபப்படுறார், இன்னொருத்தர் "நல்லா வேணும்" என்கிறார். இது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கு. சன் டி.வி. 1993-லும் ஜெயா டி.வி. 1999-லும் தொடங்கின. சன் டி.வி. தி.மு.க. பக்கம், ஜெயா டி.வி. அ.தி.மு.க. பக்கம் என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். 2001 ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதல்வர் கருணாநிதி மேம்பால வழக்கில் கைதானார். போலீசார் அவரை இழுத்துப் போகும் காட்சியை சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டி.வி.யோ, போலீசாரைத்தான் மற்றவர்கள் தள்ளினார்கள் என்பது போன்ற காட்சியைக் காட்டியது. சம்பவம் ஒன்று, படம் இரண்டு!

அப்படியென்றால் டி.வி.தான் மக்கள் மனசை மாற்றுகிறதா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. தி.மு.க.காரர் தானாகவே சன் டி.வி.யைத்தான் வைப்பார். அ.தி.மு.க.காரர் ஜெயா டி.வி.யைத்தான் வைப்பார். அவங்க மனசில் ஏற்கனவே இருப்பதையே டி.வி. திருப்பிச் சொல்லுது. தலையாட்டுவாங்க, அவ்வளவுதான். டீக்கடையில் எதிர்க்கட்சி சேனல் ஓடினால் டி.வி.யோடயே சண்டை போடுவாங்க!

அமெரிக்காவில் கெவின் ஆர்சனோ, மார்ட்டின் ஜான்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைச் சோதித்து 2013-ல் புத்தகம் எழுதினார்கள். சிலரைக் கட்சி சார்ந்த நிகழ்ச்சியைக் கட்டாயம் பார்க்க வைத்தார்கள். சிலர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கும் மாற்றிக்கலாம் என்றார்கள். ரிமோட் இருந்தவர்களிடம் பாதிப்பு குறைவு. பொழுதுபோக்கை விரும்புகிறவர்களைக் கட்டாயமாகப் பார்க்க வைத்தபோதுதான் பாதிப்பு அதிகம்.

இதில் நமக்கு ஒரு விஷயம் இருக்கு தோழிகளே! நிறைய வீடுகளில் ரிமோட் தாத்தா கையிலோ அப்பா கையிலோதான் இருக்கும். பாட்டு, சீரியல் பார்க்க ஆசைப்படும் அம்மாவும் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து அவங்க வைத்த நியூஸைத்தான் பார்ப்போம். தேர்ந்தெடுத்தவரை விட, தேர்ந்தெடுக்காத நம்ம மனசில்தான் அது சுலபமா பதியும். செல்போன் இன்னும் மோசம். நேற்று பார்த்த மாதிரியே இன்றும் வீடியோ தரும்.

இன்னும் நாலு வருஷத்தில் நமக்கும் 18 வயது, ஓட்டு வந்துடும். அதனால் ஒரு செய்தி கேட்டதும் மூணு கேள்வி கேளுங்க: இதை யார் சொல்றாங்க? மறுபக்கம் என்ன சொல்றாங்க? இதை நானா தேர்ந்தெடுத்தேனா? நூலகத்தில் ஒரே செய்தியை இரண்டு பேப்பரில் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி