ராட்சத உடும்பின் ஊருக்கு எந்த மாதம் போகலாம்?

கொமோடோ தீவின் லோ லியாங் துறையில் படகை விட்டு இறங்கியதும் வனக்காவலர் ஒருவர் கூடவே வருகிறார். கையில் ஆளுயரக் கம்பு ஒன்று, நுனி கவட்டையாகப் பிரிந்திருக்கும். எதிரே மூன்று மீட்டர் பல்லி வந்தால் கழுத்தில் வைத்துத் தள்ளுவதற்கு. நடக்கத் தொடங்கும் முன் கேட்கிறார்: யாருக்காவது ரத்தக்காயம் இருக்கிறதா? மாதவிடாய் நாளா? கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளிச் செத்துக் கிடக்கும் மானின் வாடையையே நாக்கை நீட்டிப் பிடித்துவிடும் பிராணி அது.

நம் ஊர் உடும்பும் கொமோடோ டிராகனும் ஒரே பேரினம். உள்ளூரில் அதன் பெயர் ‘ஓரா’. மனிதக் குழந்தையும் ஓராவும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர் என்பது தீவுக் கிராமத்தின் பழங்கதை. வெளியுலகுக்கு 1912இல்தான் பீட்டர் அவுன்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் அதைப் பற்றி எழுதினார். இந்தோனேசியா 1980இல் இங்கே தேசியப் பூங்கா அமைத்தது. 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொமோடோ, ரிஞ்சா, பாடார் ஆகிய மூன்றும் பெரிய தீவுகள். பூங்காவின் பெரும்பகுதி கடல்தான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக பாலி. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் ஃபுளோரஸ் தீவின் லாபுவான் பாஜோ. மற்றதெல்லாம் படகில். ஒரே நாளில் விரைவுப்படகில் போய்த் திரும்பலாம். இரண்டு மூன்று நாள் மரக்கப்பலிலேயே தங்கினால், பாடார் குன்றின் உச்சியிலிருந்து மூன்று வளைகுடாக்களையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். அந்தியில் காலோங் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவதும் அப்போது தவறாது.

நுழைவுக் கட்டணத்தைப் பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 2022இல் கட்டணத்தை 37.5 லட்சம் ருப்பியாவாக உயர்த்தப்போவதாக அறிவிப்பு வந்தது. லாபுவான் பாஜோவில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

உண்மையில் யோசிக்க வேண்டியது மாதத்தைப் பற்றித்தான்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் தெளிவு, கடல் அமைதி, கூட்டமும் அதிகம். ஆனால் ஓராக்களுக்கு அது இணைசேரும் காலம். ஆண் ஓராக்கள் பின்னங்காலில் எழுந்து மல்லுக்கட்டும் காட்சி அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் அவை காட்டுக்குள் ஒதுங்கிவிட, காலி ஒற்றையடிப் பாதையைப் பார்த்துத் திரும்பவேண்டியதுதான். செப்டம்பர் வாக்கில் பெண் ஓராக்கள் முட்டையிடுகின்றன. பெரும்பாலும் சொந்தமாகக் குழி தோண்டுவதில்லை. கோழி அளவுப் பறவை ஒன்று மண்ணையும் சருகையும் குவித்துக் கட்டிய மேட்டைப் பிடித்துக்கொண்டு, சுமார் இருபது முட்டைகளை இட்டுச் சில மாதம் காவலும் இருக்கும். அந்த மேட்டருகே காவலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை. கடல் கொந்தளித்தால் துறைமுகம் படகுகளைத் தடுத்துவிடும். அதற்காகக் கையில் ஓரிரு நாள் கூடுதலாக வேண்டும். ஆனாலும் மூழ்குநீச்சல்காரர்கள் அப்போது வருகிறார்கள். மான்டா எனும் ராட்சதத் திருக்கை மீன்கள் மிதவை உயிரிகளைத் தின்னத் திரளும் பருவம் அது. தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பலமாக இழுக்கும். புதிதாக நீச்சல் கற்றவர்கள் படகிலிருந்தபடி பார்ப்பதே மேல்.

ஏப்ரலில் மழை ஓய்கிறது. குன்றுகளில் புல் இன்னும் பச்சை. நடுநடுவே நம் ஊர்போலவே பனைகளும் புளியமரங்களும். எட்டு மாதம் மண்ணுக்குள் கிடந்த முட்டைகள் பொரிக்கும் காலமும் இதுதான். நிழலில் அடிமரம்போல் கிடக்கும் பெரிய ஓராவின் மேலேயே எல்லாக் கேமராக்களும் இருக்கும்போது, காவலர் கவட்டைக் கம்பை மேலே காட்டுவார். பெரியவை தின்றுவிடும் என்று பிறந்த கையோடு மரமேறிய குட்டி, முழ நீளத்தில், மஞ்சள் புள்ளிகளோடு, கிளையை நகத்தால் பற்றிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருக்கும்.