வானூர்தியும் தீயணைப்பானும்

ஒசூர்த் தொழிற்பேட்டையில் எத்தொழிற்சாலைக்குள் நுழையினும் சுவரில் தொங்கும் செந்நிற உருளைகளைக் காண்கிறோம். நிறம் ஒன்றாயிருத்தலின் பயனும் ஒன்றே என எண்ணிவிடுகிறோம். தீயின் வகை வேறு. அதனை அவிக்கும் பொருளும் வேறு. இவ்வேறுபாட்டினை நுணுகி ஆய்ந்து விதியாக்கிய துறை வானூர்தித் துறையாகும். ஒசூரை அடுத்த பேளகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத் தளம் உள்ளது. ஒசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என 2024 சூன் திங்களில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

மரம், தாள், துணி முதலியன எரியுங்கால் நீரே போதும். எண்ணெயும் பெட்ரோலும் எரியுங்கால் நீரை ஊற்றின், எரியும் எண்ணெய் நீரின்மேல் மிதந்து பரவும். அங்கு நுரை வேண்டும். மின்கருவித் தீக்குக் கரியமில வாயுவும் உலர்தூளும் ஏற்றவை. மக்னீசியம் போன்ற உலோகம் எரியும்போது நீர் பட்டால் ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ மேலும் சீறும். அதற்கெனத் தனித்தூள் உண்டு. தமிழில் ‘அணைத்தல்’ என்பதற்குத் தழுவுதல், அவித்தல் என இரு பொருளும் உண்டல்லவா? எரியும் எண்ணெயைப் போர்த்தி உயிர்வளியைத் தடுக்கும் நுரை இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது.

வானில் பறப்போர் வெளியே ஓடித் தப்ப இயலாது. மூடிய அறையில் கரியமில வாயுவை மிகுதியாகச் செலுத்தினால் மனிதர் மூச்சுத் திணறுவர். தூளைத் தூவினால் விமானியின் கண்ணும் கருவிகளும் மறையும். அலுமினியப் பாகங்களும் அரிக்கப்படும். இவ்விடர்களால் ஹாலன் என்னும் வாயு தேர்ந்தெடுக்கப்பட்டது. தீச்சுடரினுள் தொடர்ந்து நிகழும் வேதிவினைச் சங்கிலியை அது அறுத்துவிடும், சிறிதளவே போதும், எச்சமும் தங்காது. கைக்கருவிகளில் ஹாலன் 1211, எஞ்சின்களிலும் சரக்கறைகளிலும் ஹாலன் 1301 எனப் பயன்பட்டன. எஞ்சினில் தீ எனும் எச்சரிக்கை எழுந்ததும் விமானி கைப்பிடியை இழுத்து எரிபொருளை நிறுத்துவார். பின்னரே வாயுவைச் செலுத்துவார். முதற்கலன் பயனளிக்காவிடில் இரண்டாவது கலன் காத்திருக்கும்.

ஆயினும் ஹாலன் ஓசோன் படலத்தை அழிப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 1994 முதலும், இந்தியா போன்ற நாடுகள் 2010 முதலும் அதன் உற்பத்தியைக் கைவிட்டன. கைக்கருவிகளுக்கு மாற்றுப்பொருள் வந்துவிட்டது. எஞ்சினிலும் சரக்கறையிலும் பழைய இருப்பைத் தூய்மை செய்தே இன்றும் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

உயிர்வளியைத் தடுத்தால் எத்தீயும் அவியும் என்பதும் முழு உண்மையன்று. 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மியாமியிலிருந்து கிளம்பிய வேலூஜெட் விமானத்தின் சரக்கறை, காற்றுப் புகாமையால் தீ தானே அவியும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்பட்டது. அதிலோ உயிர்வளியை உண்டாக்கும் வேதிக்கலன்களே ஏற்றப்பட்டிருந்தன! தீக்கு வேண்டிய காற்று உள்ளேயே கிடைத்தது. 110 பேர் மாண்டனர். அதன் பின்னரே அத்தகைய அறைகளில் புகை உணர்கருவியும் தீயணைப்பு அமைப்பும் கட்டாயமாயின.

நம் எல்லையில் 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கில் நேர்ந்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வெடியுப்புப் போன்ற பொருள்கள் தம்முள்ளேயே உயிர்வளியைச் சுமப்பவை. கரியமில வாயுவோ தூளோ அங்கு எடுபடாது. மாண்டோருள் பலர் தீபாவளிக் கால வேலைக்கு வந்த தருமபுரிப் பகுதி இளைஞர்கள். அத்தகைய இடத்தில் சிவப்பு உருளையைத் தேடி நிற்றல் கூடாது, ஓடுவதே வழி. இதனை வேலைக்குச் சேரும் நாளிலேயே எவரேனும் சொல்லித்தர வேண்டாமா?

விமானச் சக்கரம் தீப்பற்றினால் பக்கவாட்டில் நெருங்கலாகாது. முன்னிருந்தோ பின்னிருந்தோதான் அணுக வேண்டும். வெப்பமேறிய சக்கரம் திடீரெனக் குளிர்ந்தால் வெடித்துச் சிதறும். ஆதலின் கரியமில வாயுவைத் தவிர்த்துத் தூளையே பயன்படுத்துவர்.

லித்தியம் மின்கலத் தீயை நாம் சற்று விரிவாக அறிதல் நன்று. மின்சார இருசக்கர வண்டிகள் உருவாகும் மாவட்டம் அன்றோ நம்முடையது! விமான அறையில் கைப்பேசி எரிந்தால் பணியாளர் முதலில் ஹாலனால் சுடரை வீழ்த்துவர். ஆயினும் மின்கலத்தின் உள்வெப்பம் தணியாது. அடுத்தடுத்த அறைகள் மீண்டும் மூளும். எனவே உடனே நீரை ஊற்றிக் குளிர்விப்பர். பனிக்கட்டியால் மூடுதல் கூடாது. அது வெப்பத்தை உள்ளேயே அடக்கிவிடும். 2025 சனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் தரையில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் எரிந்ததற்குக் கையடக்க மின்சேமிப்புக் கலம் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. 176 பேரும் வெளியேறி உயிர் தப்பினர். உதிரி மின்கலங்களைச் சரக்கறைப் பெட்டியில் வைக்க விடாமல் கைப்பையில் எடுத்துவரச் சொல்வதும், எரிந்தால் கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே.

நம் கல்லூரி ஆய்வகத்திலும் உருளைகள் உள்ளன. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என முதலில் பார்க்க வேண்டும். வாயிலை முதுகுப்புறம் வைத்து நின்று, ஊசியை இழுத்து, சுடரின் உச்சியை விடுத்து அடியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும். சிறிய உருளை சில வினாடிகளிலேயே தீர்ந்துவிடும்.