மாமாவும் மூன்று புலிகளும்

எங்கள் கிளப்புக்கு வாசலில் போர்டு கிடையாது. மெம்பர் கார்டு, சந்தா, செயலாளர் எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் வீட்டுத் திண்ணைதான் கிளப். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆட்கள் சேர்வார்கள். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர், பால்கோவா கிண்டுகிற மாஸ்டர் ஒருவர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி-மதுரை பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து தோற்றுவிட்டுப் போகிற ஒருவர். அது அடியேன்.

ஆட்டம் என்ன என்கிறீர்களா? ஆடு புலி ஆட்டம்!

திண்ணைக் கல்லில் எந்தக் காலத்திலோ யாரோ உளியால் கோடு கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள். கோடுகள் சந்திக்கிற இடங்கள் மொத்தம் 23. பழைய கோயில் மண்டபங்களில் தரையைப் பார்த்து நடந்தால் உங்களுக்கும் தட்டுப்படும். (சாமியைப் பார்த்து நடங்கள் என்று பாட்டி திட்டினால் நான் பொறுப்பில்லை.)

புலி மூன்று. ஆடு பதினைந்து. எங்களுக்கு செங்கல் துண்டு புலி, புளியங்கொட்டை ஆடு. ஆக, புளிதான் ஆடு! 'ல'வும் 'ள'வும் தகராறு செய்கிற என் மகனுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கிவிட்டது.

புலிகள் முதலிலேயே கட்டத்தில் உட்கார்ந்துவிடும். ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியிலிருந்து வர வேண்டும். பதினைந்தும் இறங்கி முடிகிற வரை ஓர் ஆடுகூட நகரக் கூடாது. புலியோ முதல் ஆடு விழுந்ததுமே நடக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் ஓர் ஆடு, அதற்கு அப்பால் அதே கோட்டில் காலி இடம் இருந்தால் ஒரே தாவு... ஆடு காலி! எங்கள் திண்ணைக் கணக்குப்படி ஆறு ஆடு போனால் ஆட்டம் புலிக்கு.

ஆடு ஜெயிப்பது எப்படி? அங்கேதான் விஷயம். ஆட்டால் புலியைக் கொல்லவே முடியாது. மூன்று புலிகளையும் நகர விடாமல் சுற்றி நின்று மடக்கினால் வெற்றி. அவ்வளவுதான்.

என் அக்கா மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கேயும் வாரம் ஒரு நாள் கிளப்பாம். மேஜை மேல் விரல் உயரப் பொம்மைகள். பூதம், மந்திரவாதி, வேதாளம். இவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதற்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறான். ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்துகிறார்கள், தாயம் உருட்டிச் சண்டை போடுகிறார்கள். எச்.ஜி.வெல்ஸ் என்கிற பெரிய எழுத்தாளரே 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் யுத்தம் நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். 'வார்ஹேமர்' என்கிற பூதச் சண்டை 1983-ல் வந்தது.

"ரெண்டு சைடும் சம பாயின்ட்ல படை எடுக்கணும் மாமா. அப்பத்தான் நியாயம்" என்றான் போனில்.

இதை மாமாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"சமமா இருக்கிறவன் மோதறது என்ன பெரிய விஷயம் மாப்ளே? இங்க பல்லு ஒருத்தனுக்கு, எண்ணிக்கை இன்னொருத்தனுக்கு. அதுல நியாயம் பண்ணியிருக்கான் பாருங்க, அவன் கெட்டிக்காரன்."

அதனால்தான் எங்கள் கிளப்பில் ஒரு சட்டம். ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஜெயித்ததாகாது. பக்கம் மாறி இன்னோர் ஆட்டம் ஆட வேண்டும். புலியாக இருந்தவன் ஆடாகவும் இருந்து காட்ட வேண்டும். தோற்றவர் கால் கிலோ பால்கோவா வாங்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் ஜெயித்தால் பொட்டலம் பேரப்பிள்ளைகளுக்கு. வழியில் எடை எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

மாமாவுக்கு எழுபத்தாறு வயது. நூல் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தனியாகத்தான் இருந்தார். போன தை மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறிவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பால் ஊற்ற வந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கினார்.

என் மனைவி இரண்டு நாள் அழுதாள். "நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருங்க" என்றாள்.

மாமா மசியவில்லை. நான் பேசினேன், கண்டக்டர் பேசினார். ஊஹூம்! கடைசியில் ஒரு சனிக்கிழமை, "சரி மாப்ளே. ஆடி ஜெயிங்க, வாரேன்" என்றார்.

பத்தொன்பது வருஷமாக நான் அவரை ஜெயித்ததே இல்லை. அந்தத் தைரியம் அவருக்கு!

அவர் புலி. நான் ஆடு. அவர் எனக்குச் சொல்லித் தந்ததையே அவர் மேல் பிரயோகித்தேன். முதல் ஆடுகளை ஓரத்து முனைகளில் வைத்தேன். அங்கே நிற்கிற ஆட்டுக்கு அப்பால் புலி குதிக்க இடமில்லை. அப்புறம் ஒவ்வோர் ஆட்டின் முதுகுக்குப் பின்னாலும் இன்னோர் ஆடு. சேர்ந்தாற்போல் இரண்டு ஆட்டைப் புலி தாண்ட முடியாது. இரண்டைப் பறிகொடுத்தேன். மிச்சம் பதிமூன்று. டீக்கடைக்காரர் கையிலிருந்த டீ ஆறிப் போனது.

முதல் புலி மாட்டியது. அரை மணி கழித்து இரண்டாவது. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி பாக்கி. அதில் என் புளியங்கொட்டையை நகர்த்தினேன்.

மாமா குனிந்து மூன்று புலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சபாஷ்" என்றார். எழுந்து உள்ளே போனார். என் மனைவி ஏற்கெனவே வேட்டிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கண்டக்டர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

ராஜபாளையத்தில் எங்களுக்கு இரண்டாவது மாடி. திண்ணை இல்லை. மாமாவுக்குத் தனி ரூம், ஃபேன், டி.வி. எல்லாம் கொடுத்தோம். வேளாவேளைக்கு மாத்திரை. "அப்பா, தனியா படி இறங்காதீங்க" என்றாள் என் மனைவி. "தாத்தா, வெயில்" என்றான் மகன். "மாமா, ரோட்ல லாரியா போகுது" என்றேன் நான். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஹாலுக்கு வந்தேன். மாமா சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டி.வி. போடவில்லை. வாசற்கதவைப் பார்த்தபடி இருந்தார்.

"எங்கயாவது போகணுமா மாமா?"

"இல்லியே. சும்மாதான்."

சார், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆளாளுக்குப் பாசமாக ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் படி, அந்தப் பக்கம் வெயில், எதிரே லாரி. ஒருத்தரும் அவரை ஒரு கெடுதலும் செய்யவில்லை. நகரத்தான் இடமில்லை.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். முதலில் சண்டை போட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "பாத்ரூம்ல கைப்பிடி வைக்கணும்" என்றாள் கடைசியில்.

காலையில், "மாமா, நமக்குள்ள இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கே" என்றேன்.

"எப்ப கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றார். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

அடுத்த சனிக்கிழமை வரைகூட அவர் பொறுக்கவில்லை. அன்றைக்கே திண்ணை கூடியது. பஸ்ஸிலிருந்து ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததுமே அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை நான் புலி, அவர் ஆடு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை காட்டைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். திண்ணையில் என் புலிகளுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் கிடைக்கவில்லை. நாலு ஆடுதான் கிடைத்தது. ஒன்பது மணிக்கு மூன்றையும் மூலையில் கட்டிப் போட்டுவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று. கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: "டிரா. வாரத்துல பாதி இங்க, பாதி அங்க. இறங்கறவங்க இறங்கலாம், ஏறறவங்க ஏறலாம்!"

நேபாளத்தில் இதன் பங்காளி ஆட்டம் ஒன்று உண்டு, 'பாக் சால்' என்று. புலி நாலு, ஆடு இருபது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசியவர்கள், இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் டிராதான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டக்டருக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

இப்போது சனி முதல் செவ்வாய் வரை மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில். பாத்ரூமில் கைப்பிடி வைத்தாயிற்று. காலையில் பால்கோவா மாஸ்டர் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்கிறார். புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார். கீழ் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பொறியில் சிக்கியாகிவிட்டது.

அன்றைக்கு நான் வேண்டுமென்றே தோற்றேனா என்று மனைவி இன்னமும் கேட்கிறாள். மாமா இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். ஆகவே பகிரங்கமாகவே அறிவித்துவிடுகிறேன்: சத்தியமாக இல்லை மாமா. எனக்கு அவ்வளவுதான் ஆட வரும்!