கணக்குப் புலிகளின் மகாமகம்!

'எம்-3 பேப்பர்'னு சொன்னாலே அடிவயித்துல ஏதோ பண்ணுதா? கையைக் கொடுங்க, நீங்க நம்ம கட்சி! எக்ஸாமுக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' வாங்கி, ஃபோரியர் சீரிஸை அர்த்தமே புரியாம மனப்பாடம் பண்ணி, எப்படியோ கரையேறின ஆளுதான் நானும். (எம்-2ல வெச்ச அரியர் தனிக்கதை. வீட்டுக்கு இதுவரை தெரியாது. இனிமே தெரிஞ்சிடும்!)

அப்படிப்பட்ட என்கிட்ட, "கணக்குக்குன்னே உலக அளவுல ஒரு திருவிழா நடக்குது, தெரியுமாடா?"னு ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் சீனியர் அண்ணன் கேட்டார். சிரிச்சேன். அப்புறம் தோண்டிப் பார்த்தா... சினிமா தோத்துடும் பாஸ்!

அதுக்குப் பேரு 'சர்வதேசக் கணித மாநாடு'. கும்பகோணம் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, இது 4 வருஷத்துக்கு ஒரு தடவை. 1897-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் ஆரம்பிச்சது. 1900-ல் பாரிஸ்ல ரெண்டாவது மாநாடு. அங்கே டேவிட் ஹில்பர்ட் என்ற ஜெர்மன்காரர், 'இந்தக் கணக்கெல்லாம் போடுங்க பார்க்கலாம்'னு ஒரு லிஸ்ட்டை எடுத்து விட்டார். அச்சில் வந்த முழு லிஸ்ட்ல மொத்தம் 23. அந்த ஒரு கொஸ்டின் பேப்பரை வெச்சுக்கிட்டு நூறு வருஷத்துக்கும் மேல உலகமே மண்டையை உடைச்சுக்குது. அதுல சிலது இன்னும் பாக்கி. 'அவுட் ஆஃப் சிலபஸ்'னு வெளிநடப்பு பண்ணவும் முடியாது!

நாற்பதுக்குள்ளே!

கணக்குக்கு நோபல் பரிசு கிடையாது. 'நோபலோட மனைவியை ஒரு கணித மேதை காதலிச்சார், அந்தக் கோபம்'னு யாராவது கதை விட்டா நம்பாதீங்க. ஆல்ஃபிரட் நோபல் கல்யாணமே பண்ணிக்கலை!

அந்தக் குறையைத் தீர்க்கிறதுதான் ஃபீல்ட்ஸ் மெடல். கனடா நாட்டுப் பேராசிரியர் ஜான் சார்லஸ் ஃபீல்ட்ஸ் போட்ட திட்டம். 1936-ல் ஆஸ்லோ மாநாட்டில் முதல் தடவையா கொடுத்தாங்க. ஒவ்வொரு மாநாட்டிலும் ரெண்டுல இருந்து நாலு பேருக்குக் கிடைக்கும். தங்க மெடல், கூடவே 15 ஆயிரம் கனடா டாலர். ஒரே ஒரு கண்டிஷன், வயசு நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. 350 வருஷமா யாருக்கும் பிடிகொடுக்காத ஃபெர்மா தேற்றத்தை நிரூபிச்ச ஆண்ட்ரூ வைல்ஸே இதுல மாட்டிக்கிட்டார். நிரூபணத்தில் இருந்த ஓட்டையை அடைச்சு முடிக்கறதுக்குள்ள வயசு 41. 1998-ல் பெர்லின்ல அவருக்குன்னு ஸ்பெஷலா ஒரு வெள்ளித் தகடு செஞ்சு கொடுத்தாங்க.

'வேணாம்' சொன்ன வீரர்!

2006, மாட்ரிட். ரஷ்யாவின் கிரிகோரி பெரல்மனுக்கு மெடல்னு அறிவிச்சாங்க. 1904-ல் இருந்து பெண்டிங்ல கிடந்த பாய்ன்காரே புதிரை அவிழ்த்தவர். ஆனா, மனுஷன் விழாவுக்கே வரலை, மெடலும் வேணாம்னுட்டார். 2010-ல் இதே கணக்குக்காக அமெரிக்காவின் க்ளே நிறுவனம் பத்து லட்சம் டாலர் நீட்டுச்சு. அதுக்கும் ஒரு பெரிய 'நோ'!

2018, ரியோ டி ஜெனிரோ. ஈரானில் பிறந்து, பிரிட்டனுக்கு அகதியா போன குர்து இனத்தவர் காச்சர் பிர்கார் மெடல் வாங்கினார். வாங்கின கொஞ்ச நேரத்துலயே பையோட திருடு போச்சு! அப்புறம் வேற மெடல் கொடுத்தாங்க. அதே மேடையில மெடல் வாங்கின இன்னொருத்தர், டெல்லியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அக்‌ஷய் வெங்கடேஷ். 13 வயசுல யுனிவர்சிட்டிக்குள்ள நுழைஞ்சவர். அந்த வயசுல நாம கில்லி ஆடிக்கிட்டு இருந்தோம்!

பெண்கள்? 78 வருஷம் காத்திருக்க வேண்டியதாச்சு. 2014-ல் சியோல் மாநாட்டில்தான் முதல் பெண், ஈரானின் மரியம் மிர்சாக்கனி. தரையில பெரிய பெரிய பேப்பரை விரிச்சு அவங்க கிறுக்குறதைப் பார்த்து, 'அம்மா படம் வரையறாங்க'ன்னு நினைக்குமாம் அவங்க குட்டிப் பொண்ணு. 2017-ல் புற்றுநோய் அவங்களைக் கொண்டு போயிடுச்சு. வயசு வெறும் 40. அடுத்த பெண், 2022-ல் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா. அந்த வருஷ மாநாடு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நடக்க வேண்டியது. போர் வந்ததால மாநாடு ஆன்லைனுக்கும், மெடல் விழா ஹெல்சின்கிக்கும் மாறிடுச்சு. 2026-க்குத் தேர்வான ஊர், அமெரிக்காவின் பிலடெல்பியா.

நம்மூருக்கும் வந்தது!

2010 ஆகஸ்ட்ல மாநாடு நடந்தது நம்ம பக்கத்து ஹைதராபாத்ல. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அதுல முக்கிய உரை நிகழ்த்தினவங்கள்ல ஒருத்தர் ஆர்.பரிமளா. எங்கே படிச்சவங்க தெரியுமா? சென்னை ஸ்டெல்லா மாரிஸ் காலேஜ்! இன்னொரு பக்கம், நம்ம விஸ்வநாதன் ஆனந்த் ஒரே நேரத்துல 40 பேரோட செஸ் ஆடினார். 39 பேர் அவுட். டிரா பண்ணின ஒரே ஆள், 14 வயசுப் பையன்!

எல்லாரையும் விட எனக்குப் பிடிச்ச ஹீரோ, 2022-ல் மெடல் வாங்கின ஜூன் ஹூ. தென்கொரியாவில் வளர்ந்தவர். கவிஞர் ஆகணும்னு ஸ்கூலைப் பாதியில விட்டவர். டிகிரி முடிக்கவே ஆறு வருஷம். அமெரிக்காவில் பி.ஹெச்டி-க்கு அப்ளை பண்ணினப்போ, ஒரே ஒரு யுனிவர்சிட்டியைத் தவிர எல்லா இடத்துலயும் கதவைச் சாத்திட்டாங்க. அரியர் நண்பர்களே, நோட் பண்ணுங்க!

சரி, அந்த சீனியர் அண்ணனுக்கு வருவோம். பிளஸ் டூ-வில் கணக்குல சென்டம். பி.எஸ்சி. கணக்கு படிக்கணும்னு ஆசை. 'அதைப் படிச்சா வாத்தியார் வேலைதான்'னு வீட்ல மெக்கானிக்கல்ல சேர்த்துட்டாங்க. இப்போ ஃபைனல் இயர். ஒரு கையில கேம்பஸ் இன்டர்வியூல கிடைச்ச ஆஃபர் லெட்டர். இன்னொரு கையில எம்.எஸ்சி. கணிதத்துக்கான அட்மிஷன் லெட்டர். "நீ என்னடா சொல்றே?"ன்னார். ஒரு மாசத்துக்கு முன்னாடின்னா யோசிக்காம 'கம்பெனி'ன்னு சொல்லியிருப்பேன். இந்தக் கட்டுரைக்காகப் படிச்ச பிறகு வாய் வரலை. "முதல்ல வீட்ல பேசுங்கண்ணா"ன்னேன்.

ராத்திரி மொட்டை மாடியில நின்னு அப்பாவுக்கு போன் போட்டார். நான் பக்கத்துலயே நின்னேன். 'என்ன வேலை கிடைக்கும்? எவ்வளவு சம்பளம்?'னு ஏகப்பட்ட கேள்வி. தங்கச்சி படிப்புச் செலவும் பேச்சுல வந்துச்சு. அண்ணன் எல்லாத்துக்கும் 'ம்' கொட்டினார். கடைசியில அப்பா கேட்டது இதுதானாம்: "நாலு வருஷமா ஏன்டா இதைச் சொல்லவே இல்லை?"

அண்ணன்கிட்ட பதில் இல்லை. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் நேர்ல பேசப் போறார்.

உங்க காலேஜ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அது நீங்களாவே இருந்தா, ஒரு தகவல்: சிறுசேரியில இருக்கற சென்னை கணிதவியல் கழகத்தில், பி.இ. முடிச்சவங்களும் எம்.எஸ்சி. கணிதத்துக்கு என்ட்ரன்ஸ் எழுதலாம். எதை எடுக்கறதுங்கறது உங்க இஷ்டம். ஆனா, வீட்ல சொல்றதுக்கு மட்டும் நாலு வருஷம் எடுத்துக்காதீங்க!