தமிழ் அலமாரியில் கடைசி முத்திரை எப்போது விழுந்தது?

உங்கள் இடைநிலைப்பள்ளியின் வள மையத்தில் தமிழ் நூல்கள் எந்த மூலையில் இருக்கின்றன என்று உடனே சொல்ல முடியுமா? தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்றபோது நூலகத்தில் எங்கு திரும்பினாலும் தமிழ் கண்ணில் பட்டிருக்கும். படிவம் 1க்கு வந்ததும் அது ஓர் அலமாரியாகச் சுருங்கிவிடுகிறது. சில பள்ளிகளில் ஒரே தட்டுதான். தமிழ் தெரியாத மாணவர் அடுக்கியிருந்தால் ஒன்றிரண்டு நூல்கள் தலைகீழாகவும் நிற்கும்.

இந்த வாரம் ஓய்வு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தட்டின் முன் போய் நில்லுங்கள். ஒரு நூலை உருவி, பின்னட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் ஒட்டப்பட்டிருக்கும். சில நூல்களில் கடைசி முத்திரை நீங்கள் பிறப்பதற்கு முன்பே விழுந்திருக்கும். இன்னும் சிலவற்றில் தாள் வெள்ளையாகவே இருக்கும். இரவல் பதிவைக் கணினிக்கு மாற்றிவிட்ட பள்ளிகளில் இந்தத் தாள் இருக்காது. ஆனால் அதே கதை கணினிக்குள் இருக்கும்.

அந்த வெள்ளைத் தாளை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த நூலகத்திலும் இடம் போதாமல் போகும் நாள் வரும். அப்போது எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்பவர் நூல் எவ்வளவு பழையது, எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். யாரும் தொடாத தமிழ் நாவலுக்காகப் பரிந்து பேச அந்த அறையில் ஆள் இருப்பது அரிது. புதிய நூல் வாங்கும் நேரத்திலும் இதே நிலைதான். பள்ளி வள மையத்திற்கென நபர்வாரி மானியத்தில் ஒரு பகுதி வருகிறது. அதைக் கொண்டு நூல் வாங்கும் பொறுப்பு நூலக ஊடக ஆசிரியரிடமும், பள்ளி முதல்வர் தலைமையிலான வள மையக் குழுவிடமும் இருக்கிறது. அந்த ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் எந்தத் தமிழ் நூலை வாங்குவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்காத, யாரும் எடுக்காத ஒரு பிரிவுக்கு அவர் ஏன் பணம் ஒதுக்க வேண்டும்? அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கேதான் நிலாம் வாசிப்புத் திட்டம் நமக்குக் கைகொடுக்கிறது. 1999 முதல் நம் பள்ளிகளில் நடைபெற்று வரும் இத்திட்டம் உங்களுக்குப் புதிதல்ல. 'நாடி இல்மு அமாலான் மெம்பாச்சா' என்பதன் சுருக்கமே நிலாம். பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மலாய்மொழியில் 'நாடி' என்பது நம் மணிக்கட்டில் துடிக்கும் அதே நாடிதான். 'நிலாம்' என்றால் நீலக்கல். இரண்டுமே நாமும் புழங்கும் சொற்கள். முன்பு தனி ஏட்டில் எழுதிய வாசிப்புப் பதிவு, இப்போது டெலிமா கணக்கின் வழி ஏய்ன்ஸ் இணையத் தளத்தில் ஏறுகிறது.

மலாய் நூலையோ ஆங்கில நூலையோ மட்டும்தான் பதிய வேண்டும் என்று சில மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ் நூலையும் பதியலாம். அப்படிப் பதியும்போது 'இந்தப் பள்ளியில் தமிழில் வாசிக்கும் மாணவர் இருக்கிறார்' என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு சான்று உருவாகிறது. உங்கள் வகுப்பில் பத்துப் பேர் மாதம் ஒரு தமிழ் நூல் பதிந்தால், ஆண்டு இறுதியில் நூலக ஆசிரியர் கையில் அது ஒரு பட்டியலாக நிற்கும். வெறும் கையோடு போய் 'தமிழ் நூல் வாங்குங்கள்' என்று கேட்பதற்கும், அந்தப் பட்டியலோடு போய்க் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

ஆனால் பதிவு உண்மையாக இருக்க வேண்டும். பலர் செய்வது என்னவென்று நமக்குத் தெரியும். தவணை முடிவில் ஆசிரியர் எண்ணிக்கை கேட்கிறார். உடனே பின்னட்டையில் உள்ள நான்கு வரிகளைப் பார்த்தெழுதி, 'இக்கதையின் படிப்பினை நல்லவர்கள் வாழ்வார்கள்' என்று ஒரு வரி சேர்த்து, ஒரே மாலையில் எட்டு நூல்களைப் 'படித்து' முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கைக்கு விருது கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. என்னைக் கேட்டால், எட்டுப் பொய்ப் பதிவுகளை விட ஒரே ஒரு மெய்ப் பதிவு மேல். அந்த ஒன்று உங்களுக்கே பின்னர் பயன்படும். எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

படிவம் 4 மாணவி ஒருவர் சயாம் மரண ரயில் பாதை பற்றி வரலாற்றுப் பாடத்திற்காகத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை. 1942இன் நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகளோடு, மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் ஜப்பானியர் அங்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலரின் வீட்டிலேயே, போய்த் திரும்பாத பூட்டனார் ஒருவரைப் பற்றிய பேச்சு இருக்கும்.

மாணவி நூலகத்தில் எங்கே தேடுவார்? டூவி பகுப்பு முறைப்படி நூல்கள் 000 முதல் 999 வரையிலான எண்களில் அடுக்கப்படுகின்றன. 900களில் வரலாறு. இரண்டாம் உலகப் போரின் களங்களும் போர்க் கைதிகளின் கதைகளும் 940.54இல் இருக்கும். மலேசிய வரலாறு 959.5. ரயில் பாதை தாய்லாந்திலும் பர்மாவிலும் ஓடியதால் 959.3, 959.1 ஆகிய எண்களிலும் ஏதாவது கிடைக்கலாம். பெரும்பாலான மாணவர்கள் இவற்றுள் ஒன்றைப் பார்த்துவிட்டு 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று முடித்துவிடுவார்கள்.

இன்னோர் எண் இருக்கிறது: 894.811. தமிழ் இலக்கியத்தின் எண் அது. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலும், அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' நாவலும் இருந்தால் அங்கேதான் இருக்கும். சில பள்ளிகளில் கதை நூல்களுக்கு எண் போடாமல் 'எஃப்' என்ற எழுத்தோடு ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை ஒட்டித் தனியாக அடுக்குவார்கள். இன்னும் சில பள்ளிகளில் தமிழில் உள்ள அனைத்தும், சமையல் குறிப்பு முதல் திருக்குறள் உரை வரை, ஒரே தட்டில் கலந்து கிடக்கும். உங்கள் பள்ளியில் எது வழக்கம் என்று நூலகப் பொறுப்பு மாணவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆக, ஒரே நிகழ்ச்சி நூலகத்தின் இரண்டு மூன்று மூலைகளில் பிரிந்து கிடக்கிறது. அந்த மூலைகள் ஒரே கதையைச் சொல்வதும் இல்லை. 940.54இல் உள்ள ஆங்கில நூல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் பார்வையில் எழுதப்பட்டவை. காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒவ்வொருவர் பெயரும் பொறித்த இடம் இல்லை. அவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து காட்டும் எழுத்து எது என்று தேடினால், நம் நாட்டுத் தமிழ் நாவல்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாவல் உங்கள் பள்ளியில் வெள்ளைத் தாளோடு நிற்கும் நூல்களில் ஒன்றாக இருக்கலாம்.

இப்போது அந்த மாணவி நிலாம் பதிவு எழுதுகிறார். கதைச் சுருக்கத்தை மூன்று வரியில் முடித்துவிட்டு இப்படி எழுதலாம்: 'நான் முதலில் படித்த ஆங்கில நூலில் தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை பக்கங்களில் வருகிறார்கள் என்று எண்ணினேன். நாவலில் அவர்கள்தான் கதைமாந்தர்கள். ஆனால் நாவல் கற்பனை கலந்தது என்பதால் ஆண்டுகளையும் இடப்பெயர்களையும் வரலாற்று நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.' பக்க எண், தமக்குப் புரியாத ஒரு சொல், ஆசிரியரோடு தாம் உடன்படாத ஓர் இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டால் போதும். இப்படி எழுதிய பதிவு அடுத்த ஆண்டு வரலாற்றுக் கட்டுரைக்கு உதவும். எஸ்.பி.எம். தமிழ்த் தாளில் கட்டுரை எழுதும்போது உதவும். நேர்முகத் தேர்வில் 'அண்மையில் என்ன நூல் படித்தீர்கள்?' என்று கேட்டால் திருதிருவென விழிக்க வேண்டியிருக்காது.

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, நம் நாட்டில் பதிப்பிக்கப்படும் அச்சு நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள் தேசிய நூலகத்திற்குத் தரப்பட வேண்டும். தமிழ் நூலுக்கும் இது பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இயங்கி வருவதால் அங்குள்ள நூலகத்திலும் தமிழ் நூல்கள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே, பள்ளியிலோ கடையிலோ கிடைக்காத பழைய மலேசிய நூல் அங்கே இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் தேடும் விதம் தெரிய வேண்டும். பெரிய நூலகங்களின் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், ஓர் அனைத்துலக முறைப்படி பதிவாகியிருக்கும். அம்முறையில் தமிழ் 'ச'வுக்கு ஆங்கில 'சி' எழுத்து, 'எஸ்' அல்ல. 'க' எங்கே வந்தாலும் 'கே' எழுத்துத்தான், 'ஜி' அல்ல. சண்முகம் என்ற பெயரை நாம் பிறப்புப் பத்திரத்தில் எழுதுவதுபோல் தட்டினால் திரை 'எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். 'சி' எழுத்தில் தொடங்கிப் பாருங்கள், நூல் வந்து நிற்கும். நூல் இல்லை என்று நம்பித் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

மீண்டும் பள்ளிக்கு வருவோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். அந்த 15 பெயர்களைத் திரட்ட எத்தனையோ பெற்றோரும் ஆசிரியர்களும் அலைந்திருக்கிறார்கள். நூலக அலமாரிக்கு இப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்பவர்களின் எண்ணிக்கை அங்கும் எடுபடும். தமிழ் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு நூலை இரவல் எடுத்தாலே, தேதி முத்திரைகள் பேசத் தொடங்கிவிடும். உங்களில் ஒருவர் வள மையப் பொறுப்பு மாணவராகச் சேர்வது இன்னும் நல்லது. தலைகீழாக நிற்கும் நூல்களை நிமிர்த்தி வைக்கவும், பெயர் ஒட்டாத நூல்களுக்குத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சரியாக எழுதித் தரவும் அங்கே ஒரு தமிழ் தெரிந்த கை தேவை. புறப்பாட நடவடிக்கையிலும் அது கணக்கில் வரும்.

புதிய நூல் கேட்கும்போது 'நல்ல தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மூன்று நூல்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பை ரோமன் எழுத்திலும் எழுதி, ஆசிரியர், பதிப்பகம், விலை, பின்னட்டையில் உள்ள 13 இலக்க நூல் எண் ஆகியவற்றைக் குறியுங்கள். அந்த எண் 978க்குப் பின் 967 அல்லது 983 என்று தொடர்ந்தால் அது மலேசியப் பதிப்பு. 81 அல்லது 93 என்றால் இந்தியா, 981 என்றால் சிங்கப்பூர். நம் நாட்டுத் தமிழ் நூல்கள் குறைந்த படிகளே அச்சாகின்றன, தீர்ந்தால் மறுபதிப்பு வருவதும் அரிது. அதனால் உள்நாட்டு நூல்களைப் பட்டியலில் முதலில் வையுங்கள். நூலின் பொருள் என்ன, எந்தப் பாடத்திற்கு உதவும் என்று மலாயில் இரண்டு வரி சேர்த்தால், தமிழ் தெரியாத ஆசிரியரும் குழுவில் எடுத்துப் பேச முடியும். தமிழாசிரியரிடம் காட்டி அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். கொள்முதல் பட்டியல் முடிவான பிறகு போனால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும். நூல் வந்து சேர்ந்ததும் முதல் ஆளாக எடுங்கள். திருப்பித் தரும் நாளன்று, அதை அடுத்து எடுக்கப்போகும் நண்பரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.